முதல் செமஸ்டரில் தடுமாறும் நர்சிங் மாணவர் எந்த வழியில் படிப்பது? ஓர் ஒப்பீடு

படிக்காமலேயே தேர்வில் தோற்றவர்களுக்கு இக்கட்டுரை புதிதாக எதையும் சொல்லாது. பாடநூலின் அத்தியாயத்தை இரண்டு முறை வாசித்து, முக்கிய வரிகளுக்கெல்லாம் மஞ்சள் தீட்டி, விடிய விடியக் கண்விழித்தும் 64 மதிப்பெண்ணோடு திரும்பிய பிராக்டிகல் நர்சிங் (அமெரிக்காவில் செவிலியப் பணிக்கான அடிப்படை நிலைப் படிப்பு) மாணவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் பலவற்றில் தேர்ச்சிக்கான சராசரி 75 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ வைக்கப்பட்டிருப்பதால், வேறு படிப்புகளில் 'சுமார்' என்று ஏற்றுக்கொள்ளப்படும் மதிப்பெண் இங்கே தோல்வியாகிவிடுகிறது. அப்போது பெரும்பாலோர் எடுக்கும் முடிவு, இதுவரை படித்த விதத்திலேயே இன்னும் அதிக நேரம் படிப்பது என்பதாகும். என் பார்வையில், கைவசம் உள்ள வழிகளில் இதுவே ஆகப் பலவீனமானது. மற்ற வழிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மதிப்பெண் எங்கே போனது என்று தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

தவறிய விடைகளை முதலில் வகைப்படுத்துங்கள்

பெரும்பாலான கல்லூரிகள் தேர்வுக்குப் பின் விடைத்தாளைச் சிறிது நேரம் பார்க்க அனுமதிக்கின்றன. வினாவைப் படியெடுக்க விடுவதில்லை. அந்தச் சில நிமிடங்களை ஆசிரியரிடம் அரை மதிப்பெண்ணுக்கு வாதாடுவதில் செலவிடுபவர்கள் பலர். அதைவிட, தவறிய ஒவ்வொரு வினாவையும் மூன்று வகைகளில் ஒன்றில் சேர்த்துவிட்டு வருவது பன்மடங்கு பயன் தரும். முதல் வகை, செய்தியே தெரியாமல் தவறியது: பொட்டாசியத்தின் இயல்பான அளவு இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை என்பது நினைவில் இல்லாமல் போனது போன்றவை. இரண்டாம் வகை, செய்தி தெரிந்தும் அதை நோயாளியின் நிலையில் பொருத்திப் பார்க்க முடியாமல் தவறியது. மூன்றாம் வகை, வினாவையே தவறாக வாசித்தது. 'நோயாளி சொல்லும் எந்தக் கூற்று, அவருக்கு மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டுகிறது?' என்று கேட்டிருப்பார்கள். அங்கே தேட வேண்டியது நோயாளி தவறாகப் புரிந்துகொண்ட கூற்றை. அவசரத்தில் வாசிப்பவர், சரியான கூற்றைக் கண்டவுடன் மகிழ்ந்து அதையே குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த மூன்றில் எது மிகுதியோ அதற்கேற்பவே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வகை மிகுந்தவருக்கு நினைவாற்றலை வலுப்படுத்தும் வழி தேவை. இரண்டாம் வகை மிகுந்தவர் எத்தனை வினா-விடை அட்டைகளை மனப்பாடம் செய்தாலும் மதிப்பெண் ஏறாது. மூன்றாம் வகை மிகுந்தவருக்கு நிதானமாக வாசிக்கும் பயிற்சியே போதும். இவர்கள் பாடநூலைத் திரும்பத் திறக்க வேண்டியதுகூட இல்லை.

மீண்டும் வாசிப்பதா, தன்னைத் தானே சோதிப்பதா?

இந்த ஒப்பீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்குச் சான்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராருக்கு ஓர் உரைப்பகுதியை மீண்டும் வாசிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களை, வாசித்ததை நூலைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. மீண்டும் வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் தேறின. மறுவாசிப்பு ஏன் இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. வாசித்து முடித்த கணத்தில் அது உண்மையிலேயே கைகொடுப்பதுபோல் இருக்கிறது. தேர்வு அடுத்த வாரம் வரும்போது கைவிட்டுவிடுகிறது.

2013-இல் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டு எழுதிய விரிவான அறிக்கையும் இதையே உறுதிப்படுத்தியது. தன்னைத் தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல் ஆகிய இரண்டுக்கு மட்டுமே அவர்கள் 'மிகுந்த பயன்' என்ற தரத்தைக் கொடுத்தார்கள். மறுவாசிப்பு, வரிகளுக்கு வண்ணம் தீட்டுதல், சுருக்கம் எழுதுதல் ஆகிய மூன்றும் 'குறைந்த பயன்' என்ற பட்டியலில் இடம்பெற்றன. நான்கு நிறப் பேனாக்களுக்குச் செலவிடும் நேரத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. 'நான் கண்ணால் பார்த்தால்தான் பதியும்', 'எனக்குக் காதால் கேட்க வேண்டும்' என்று தம்மை வகைப்படுத்திக்கொண்டு அதற்கேற்ற முறையைத் தேடுவதும் வீண். அப்படிப் பொருத்திக் கற்பித்தால் தேர்ச்சி கூடும் என்பதற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை.

தன்னைச் சோதிப்பதற்கு எளிய கருவி ஃபிளாஷ் கார்டு, அதாவது முன்பக்கம் வினாவும் பின்பக்கம் விடையும் எழுதிய அட்டை. ஆனால் கார்டு எழுதுவதிலும் இரு விதம் உண்டு. முன்பக்கம் 'டிகாக்சின்' என்ற இதய மருந்தின் பெயர், பின்பக்கம் அம்மருந்தைப் பற்றிய பன்னிரண்டு வரிகள் என்று எழுதினால் அது பாடநூலின் சிறு பதிப்பாகிவிடும். புரட்டிப் பார்க்கும்போது மறுவாசிப்புத்தான் நடக்கும். அதையே மூன்று கார்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு டிகாக்சின் கொடுப்பதற்கு முன் எதை, எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்? இதய முனையில் துடிப்பை ஒரு முழு நிமிடம். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும்? பொதுவாக 60. அதே நோயாளி ஃப்யூரோசமைடும் எடுத்துக்கொண்டால் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்? ஃப்யூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சாவது எளிதாகும். முதல் இரண்டு கார்டுகளும் நினைவுக்கானவை, மூன்றாவது காரணத்துக்கானது. தேர்வில் மதிப்பெண் தருவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான்; மாணவர்கள் எழுதும் கட்டுகளில் அரிதாக இருப்பதும் அதுவே.

ஆன்கி போன்ற செயலிகள் கார்டுகளை எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்று தாமே கணக்கிட்டுக்கொள்வதால், இடைவெளி விட்டுப் படிக்கும் ஒழுங்கு தானாகவே அமைந்துவிடுகிறது. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த கார்டுகளைத் தரவிறக்குவதும் நேரத்தை மிச்சப்படுத்தும்தான். ஆயினும் அவற்றில் பிழைகள் மலிந்திருக்கும். உங்கள் கல்லூரி கேட்கும் பகுதியும் அவற்றில் இருக்குமென்று சொல்ல முடியாது. எழுதும்போதே பாதி பதிந்துவிடும் என்பதால், நேரமில்லாதவர்கள்கூட மருந்தியலுக்கு மட்டுமாவது சொந்தமாக எழுதுவதே நல்லது.

கார்டுகள் எட்டாத இடம்: வினாத் தொகுப்புகள்

மேலே சொன்ன இரண்டாம் வகைத் தவறுக்கு ஒரு மாதிரி வினாவை எடுத்துக்கொள்வோம். நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள்? நேற்று வயிற்றில் அறுவை முடிந்து, வலி பத்துக்கு ஆறு என்று சொல்லி மாத்திரை கேட்பவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் அவதிப்படுபவர், ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடு. தைராய்டு அறுவை முடிந்து சில மணி நேரமான, மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஓசை வருபவர். சாப்பாட்டுக்கு முன் இரத்தச் சர்க்கரை 180 இருக்கும் நீரிழிவு நோயாளி.

'ஆக்சிஜன் 95-க்குக் கீழே போகக் கூடாது' என்று மனப்பாடம் செய்தவர் தயங்காமல் இரண்டாமவரைக் குறிப்பார். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற முன்னுரிமை வரிசையை ஒப்பிக்கத் தெரிந்தவரும் அதே விடையில் விழ வாய்ப்புண்டு. உண்மையில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள் பலருக்கு 88 முதல் 92 வரை என்பதே இலக்கு. 90 அவருக்கு எதிர்பார்த்த எண். கழுத்தில் அறுவை முடிந்தவருக்கு வரும் கீச்சொலியோ எதிர்பாராதது. வீக்கமோ இரத்தக் கசிவோ மூச்சுப்பாதையை நெரிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த வினாவைத் தீர்ப்பதற்கு எண்ணோடு 'இந்த நோயாளியிடம் இது எதிர்பார்க்கத்தக்கதா?' என்ற கேள்வியும் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் வினாக்களைத் தீர்த்துத் தீர்த்துத்தான் வரும்.

எனினும், வினாத் தொகுப்பைப் பயன்படுத்துவதிலும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒரே அமர்வில் நூறு வினாக்களைப் போட்டு, விழுக்காட்டைப் பார்த்து மகிழ்வதோ நோவதோ ஒன்று. இருபது வினாக்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் ஒரு வரியில் சொந்தமாக எழுதிவிட்டு, அதன்பின் விளக்கத்தைத் திறப்பது மற்றொன்று. இரண்டாவது மெதுவானது, எரிச்சலூட்டுவது; முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். இருந்தும் தடுமாறுகிற மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. நூறு வினா முறையில் அதே வினாக்கள் திரும்ப வரும்போது விடையை அடையாளம் கண்டு ஏறும் விழுக்காடு, புரிதல் கூடியதாக ஒரு தோற்றத்தைத் தரும்.

வினாத் தொகுப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. பகுதியை ஒருமுறைகூட வாசிக்காமல் நேரே வினாக்களுக்குப் போனால், ஒவ்வொரு விளக்கமும் தொடர்பற்ற துண்டுச் செய்தியாக நின்றுவிடும். வாசிப்பு ஒருமுறை, அதன்பின் சோதனை பலமுறை என்பதே சரியான விகிதம். உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்-பிஎன் 2023 ஏப்ரல் முதல் மருத்துவச் சூழலை விரிவாகக் கொடுத்துத் தீர்மானம் கேட்கும் வினாக்களைச் சேர்த்திருப்பதால், கல்லூரிகளின் உள்தேர்வுகளும் அப்போக்கிலேயே நகர்கின்றன. 'பொருந்துவன அனைத்தையும் தேர்க' வகை வினாவுக்கு உரிமத் தேர்வில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. தவறானதைக் குறித்தால் கழிக்கவும் செய்வார்கள். உங்கள் வகுப்புத் தேர்வில் எந்த முறை என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது, ஏனெனில் ஐயமுள்ள தெரிவைக் குறிப்பதா விடுவதா என்பது அதைப் பொறுத்தே அமையும்.

கருத்துகளுக்கு இடையிலான தொடர்புகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் கருத்து வரைபடம் பற்றியும் கேட்பார்கள். 2011-இல் கார்ப்பிக்கியும் பிளண்ட்டும் நடத்திய ஆய்வில், நூலைத் திறந்துவைத்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே பின்னர் நன்றாகச் செய்தார்கள். ஆகவே வரைபடம் பிடித்திருந்தால் நூலை மூடிவிட்டு வரையுங்கள்: இடப்பக்க இதயம் தளர்ந்தால் நீர் நுரையீரலில் தேங்கும், வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் தேங்கும் என்று தொடங்கி, விடுபட்டதை மட்டும் நூலைத் திறந்து நிரப்பினால் போதும்.

மருந்தளவுக் கணக்கு

இங்கே தேர்ச்சி வரம்பு பெரும்பாலும் 90 விழுக்காடோ அதற்கும் மேலோ இருக்கும். சில இடங்களில் முழு மதிப்பெண் கேட்பார்கள். வழிகள் மூன்று: தேவையான அளவைக் கைவசமுள்ள அளவால் வகுக்கும் சூத்திரம், விகிதம், அலகுகளை வரிசையாக அடித்துச் செல்லும் முறை. ஒரு படிக் கணக்குக்கு மூன்றும் ஒன்றுதான். 750 மில்லிகிராம் வேண்டும், மாத்திரை 500 மில்லிகிராம் என்றால் எந்த வழியிலும் ஒன்றரை மாத்திரை வந்துவிடும்.

பல படிகள் சேரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. நோயாளியின் எடை 176 பவுண்டு. கிலோவுக்கு 2 மில்லிகிராம் கொடுக்க உத்தரவு. புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம். சூத்திரக்காரர் மூன்று தனித்தனிக் கணக்குகளைப் போட வேண்டும். நடுவில் பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் அதைச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை, விடை 22 மில்லிலிட்டர் என்று வந்து நிற்கும். அலகு முறையில் 176-ஐ 2.2-ஆல் வகுத்து, 2-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்கி, 80-ஆல் வகுத்தால் 10 மில்லிலிட்டர். பவுண்டு என்ற அலகு அடிபடாமல் எஞ்சியிருந்தால் தவறு அங்கேயே கண்ணில் படும். ஆகவே, கல்லூரி ஒரு குறிப்பிட்ட முறையை வற்புறுத்தாதவரை, கணக்கென்றால் பயப்படுகிறவர்களுக்கு அலகு முறையே பாதுகாப்பானது. தேர்வுக்கு முந்தைய நாள் ஐம்பது கணக்குகளைப் போடுவதைவிட அன்றாடம் ஐந்து போடுவது மேல் என்பது இங்கே வேறெந்த இடத்தையும்விடப் பொருந்தும். எத்தனை தசமத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்ற கல்லூரி விதியைத் தெரிந்துகொள்ளாமல் மதிப்பெண் இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

செய்முறைகளைப் பழகும் ஸ்கில்ஸ் லேப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீடியோ பார்ப்பது முதல்முறை விளங்கிக்கொள்ளவே உதவும். மாசுபடாமல் கையுறை போடுவது கைக்குத்தான் பழக வேண்டும். செய்முறைப் பட்டியலை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லியபடி செய்து காட்டுவதே சிறந்த பயிற்சி. கை கழுவுவதையும், இரு அடையாளங்களைக் கொண்டு நோயாளியை உறுதிசெய்வதையும் பதற்றத்தில் விடுபவர்கள்தான் அதிகம். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலே தோல்வி என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன.

தனியாகவா, குழுவாகவா?

குழுவாகப் படிப்பதைப் பற்றி எனக்குச் சற்றுக் கறாரான கருத்து உண்டு. ஐந்தாறு பேர் கூடி அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கும் குழு, மறுவாசிப்பின் எல்லாக் குறைகளோடும் அரட்டையையும் சேர்த்துக்கொண்டது. தனியாக ஒருமுறை படித்து, வினாக்களையும் தீர்த்துவிட்டு, தவறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று பேர் கூடினால், ஒருவர் விளக்க மற்றவர்கள் 'ஏன்?' என்று குடைந்தால், அந்த ஒரு மணி நேரம் தனியாகப் படிக்கும் மூன்று மணிக்கு ஈடாகும். வினாவை அவசரமாக வாசிக்கும் மூன்றாம் வகையினருக்கு இது மிகவும் பொருந்தும். வினாவைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி குழு கட்டாயப்படுத்துவதால், எங்கே சறுக்குகிறோம் என்பது வெளிப்பட்டுவிடும். நன்றாகப் படிக்கும் ஒருவரே எப்போதும் விளக்குகிறார் என்றால், அந்தக் குழுவால் வளர்கிறவர் அவர் ஒருவர்தான்.

தொடர்வதா, விலகுவதா?

படிப்பு முறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தெரிவைத் தொடத் தயங்குகிறார்கள். தொட்டுத்தான் ஆக வேண்டும், ஏனெனில் இதற்குக் கெடு உண்டு. சம மதிப்புள்ள நான்கு தேர்வுகள், தேர்ச்சிச் சராசரி 77 என்று வைத்துக்கொள்வோம். முதல் தேர்வில் 62 என்றால் மீதி மூன்றிலும் சராசரியாக 82 வேண்டும். கடினம்தான், ஆனால் முறையை மாற்றினால் எட்டக்கூடியது. இரண்டாவதில் 66 என்று ஏறினாலும், எஞ்சிய இரண்டில் சராசரி 90 தேவைப்படும். மூன்றாவதில் இன்னும் ஏறி 70 வாங்கினாலும் நான்காவதில் 110 வேண்டும். அதாவது ஒவ்வொரு தேர்விலும் முன்னேறிக்கொண்டே வந்தவர், மூன்றாவது முடிந்தபோது தோற்றுவிட்டிருப்பார். ஆசிரியரைப் போய்ப் பார்ப்பதை 'அடுத்த தேர்வு முடியட்டும்' என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான். முதல் தேர்வுக்குப் பின் போகிறவருக்கு 20 மதிப்பெண் ஏற்றம் போதும். இரண்டாவதுக்குப் பின் போகிறவருக்கு அதைவிட அதிகம் தேவை.

இரண்டாவது தேர்வின் முடிவோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தேவைப்படும் எண் 90-ஐத் தாண்டுகிறதென்றால், விலகுவதற்கான கடைசித் தேதியைப் பாட அட்டவணையில் பாருங்கள். தோல்வி என்று பதிவாவதும் விலகல் என்று பதிவாவதும் ஒன்றல்ல. பாடங்களில் இரண்டு முறை தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கும் விதி பல கல்லூரிகளில் உண்டு. விலகல் அந்த எண்ணிக்கையில் சேருமா என்பதைக் கையேட்டில் வாசித்து, படிப்பு ஆலோசகரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மறுபக்கம், விலகுவதற்கும் விலை இருக்கிறது. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் அடுத்த மாணவர் அணிக்கு வகுப்பு தொடங்கும்வரை பல மாதங்கள் காத்திருக்க நேரும். கல்வி உதவித்தொகை பெறுபவராக இருந்தால், பாதியில் விலகுவதால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டி வருமா என்பதை விலகல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இடையில் இன்னொரு தெரிவும் இருக்கிறது: வேலை நேரத்தைக் குறைப்பது. தூக்கத்தைக் குறைத்து வேலையைத் தக்கவைப்பதே வழக்கமாக நடப்பது. அதிகாலை கிளினிக்கலுக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) நான்கு மணி நேரத் தூக்கத்தோடு போகிறவருக்கு அன்று கற்றதும் பதியாது, மருந்து கொடுக்கும் கையும் நம்பத்தக்கதாக இராது. வாரத்தில் ஒரே ஒரு ஷிஃப்டை விட முடிந்தாலும், அந்த எட்டு மணி நேரத்தில் நான்கை உறக்கத்துக்கும், மீதி நான்கைத் தவறிய வினாக்களுக்கும் கொடுத்து அடுத்த தேர்வுவரை பார்க்கலாம். அதற்குப் பிறகும் இரண்டாம் வகைத் தவறுகள் அதே அளவில் இருந்தால் மட்டும் விலகல் படிவத்தைக் கையில் எடுப்பதே என் தேர்வாக இருக்கும், கடைசித் தேதி அதற்குள் கடந்துவிடாது என்பதை உறுதிசெய்துகொண்டு.